கூலி வெட்டைத் தட்டிக் கேட்டால் ஐ.டி. முடக்கமா? உணவு டெலிவரி நிறுவனத்துக்குச் சங்கம் கண்டனம்

சென்னையில் இயங்கும் உணவு டெலிவரி செயலி நிறுவனம் ஒன்று இன்சென்டிவ் கணக்கை ஒரே இரவில் மாற்றியது. அதைத் தட்டிக் கேட்ட ரைடர்களின் ஐ.டி.களையும் முடக்கியிருக்கிறது. இந்தப் பழிவாங்கும் போக்கை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

இன்சென்டிவ் பெற முடிக்க வேண்டிய ஆர்டர்கள் கூட்டப்பட்டுள்ளன. கிலோமீட்டருக்கான தொகை குறைக்கப்பட்டுள்ளது. காலையில் லாகின் செய்தபோதுதான் ரைடர்களுக்கே இது தெரிந்தது. வேளச்சேரியில் விளக்கம் கேட்டுக் கூடியவர்கள் எந்தக் கடையையும் மறிக்கவில்லை, யாருடைய ஆர்டரையும் தடுக்கவில்லை. அன்றிரவே ஒவ்வொருவராக ஐ.டி. பிளாக் ஆனது. ‘விதிமீறல்’ என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். எந்த விதி என்று கேட்டால், புகார் பதிவாகிவிட்டது என்ற பதிலையே செயலி திரும்பத் திரும்ப அனுப்புகிறது. டீம் லீடர் போனை எடுப்பதே இல்லை.

நாங்கள் ஊழியர்கள் அல்ல, சுயேச்சை ஒப்பந்ததாரர்களாம். அப்படியானால் ஆர்டரை மறுத்தால் ரேட்டிங் ஏன் விழுகிறது? ஒப்பந்ததாரர் தன் கூலியைத் தானே பேச முடியாதா? பெட்ரோல், வண்டித் தவணை, பஞ்சர், போன் ரீசார்ஜ் எல்லாம் எங்கள் தலையில். முடிவெடுப்பது மட்டும் அவர்கள்.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, எங்களைப் போன்ற கிக் தொழிலாளர் நலனுக்காக நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் நல வாரியம் அமைக்கப்படும் என்று 2023 சுதந்திர தின உரையில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்ததையும் வரவேற்றோம். ஆனால் ஐ.டி. பறிபோனவருக்கு வாரிய அட்டை சோறு போடாது. வேலைநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு தொழிலுறவுச் சட்டத்தில் இருக்கிறது; அங்கே எங்களைச் சேர்க்க மறுக்கிறார்கள். கர்நாடகம் 2025இல் கொண்டுவந்த சட்டமோ, 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்துப்பூர்வமான காரணமும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி ரைடருக்கு உள்ள உரிமை இந்தப் பக்கம் ஓசூர் ரைடருக்கு ஏன் இல்லை?

முடக்கிய ஐ.டி.களை உடனே திறந்து, இழந்த நாள்களின் வருமானத்தை நிறுவனம் வழங்க வேண்டும். பழைய இன்சென்டிவ் கணக்கே தொடர வேண்டும். ஐ.டி. முடக்கத்தை எதிர்த்து முறையிட, பெயரும் பொறுப்பும் உள்ள ஓர் அதிகாரியைத் தமிழ்நாடு அரசு சட்டத்தின் வழியே உறுதிசெய்ய வேண்டும்.

பதில் வராவிட்டால் வரும் ஞாயிறு இரவு எங்கள் உறுப்பினர்கள் லாகின் செய்ய மாட்டார்கள். அன்று சாப்பாடு தாமதமானால் வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஓட்டல் ஊழியர்களைத் திட்ட வேண்டாம்.

— மாவட்டக் குழு, சென்னை