“சுண்டெலி” என்ற சொல்லை நீக்கலாகாது

விஞ்ஞானச் செய்திகளைத் தமிழாக்குவோர் இடச்சுருக்கம் கருதி ஓரிரு சொற்களை நீக்குவதுண்டு. சுண்டெலியின் ஜீனைப் பாக்டீரியா போன்ற வேற்றுயிரில் புகுத்தி, ஆராய்ச்சிக்கூடங்களுக்கென உற்பத்தி செய்யப்படும் புரதங்களைப் பற்றி எழுதுகையில், பிராணியின் பெயரை இவ்வாறு நீக்குவது தகாது என்பது எமது கருத்து.

ஆல்பா-1 ஆன்டிட்ரிப்ஸின் என்னும் புரதத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் கல்லீரலில் உண்டாகும் இது, வெள்ளணுக்கள் வெளியிடும் எலாஸ்டேஸ் என்ற என்ஸைம் நுரையீரலை அரித்துவிடாதபடி தடுக்கிறது. இப்புரதம் மிகக் குறைவாயுள்ளோர்க்கு நுரையீரல் நோய் நேரிடுவதை ஸ்வீடனில் லாரெல், எரிக்ஸன் ஆகியோர் 1963-இல் வெளியிட்டனர்.

மனிதனிடம் இதற்குரிய ஜீன் ஒன்றே. ஆராய்ச்சியில் மிகுதியாகப் பயன்படும் சி57பிஎல்/6 வகைச் சுண்டெலியிலோ ஐந்து உள்ளன. அவை உண்டாக்கும் புரதங்கள் யாவும் ஒரே என்ஸைமைத் தடுப்பனவுமல்ல. ஐந்தையும் நீக்கிய சுண்டெலிகளுக்கு நாளடைவில் நுரையீரலின் காற்றறைகள் சிதைவதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

எனவே, சுண்டெலிப் புரதம் சுண்டெலியின் உடலில் நிகழ்வதை அறிய உதவும் கருவி. அவ்வளவில் அது பெருமதிப்புடையது. இக்குறையுள்ள நோயாளிகட்குச் செலுத்தப்படுவதோ மனித இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த புரதமாகும். “சுண்டெலி” என்ற சொல் விடுபட்டால், மூச்சுத்திணறலால் வருந்தும் வாசகர் தமக்குப் புதிய மருந்து கிடைத்துவிட்டதென நம்பக்கூடும். அவரை ஏமாற்றுவது விஞ்ஞானத் தொண்டாகாது. பெயர் நீளமாயினும், தலைப்பிலேயே அதனை முழுமையாக எழுதுதல் வேண்டும்.