குரங்கும் வண்ணக்கரும்

ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு கை வைத்தது. இலங்கை முழுக்கக் கரண்ட் போனது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நடந்ததற்கு எரிசக்தி அமைச்சர் குமார ஜயகொடி சொன்ன விளக்கம் இதுதான். நுரைச்சோலை அனல்மின் நிலையம் நின்றுபோனதால் திங்களும் செவ்வாயும் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு வேறு. புதன் போயா என்பதால் தப்பினோம். மட்டக்களப்பில், எங்கள் கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்க எப்படியும் மின்சாரம் வேண்டியதில்லை. குரங்கைப் பற்றிப் பகிடி விடாத ஆள் அந்த வாரம் இருக்கவில்லை. எனக்கு எரிச்சல் குரங்கின் மேல் அல்ல, கணினிக் கணக்குகளில் ‘அட்மின்’ என்ற பொதுப்பெயருக்குள் ஒளிந்திருக்கும் ஆசாமியின் மேல்.  

கரண்ட் போனதும் வங்கியும் ஆஸ்பத்திரியும் யு.பி.எஸ். பெட்டியைத்தான் நம்பியிருக்கின்றன. பெரிய பெட்டிகளின் பின்புறம் ஒரு சிறிய அட்டையைச் செருகியிருப்பார்கள். கொழும்பில் இருந்துகொண்டே மட்டக்களப்பிலுள்ள பெட்டியின் பற்றரி எவ்வளவு மிச்சம் என்று பார்க்கவும், வேண்டுமானால் பெட்டியையே நிறுத்தவும் அது வழிசெய்கிறது. பெயர்பெற்ற ஏ.பி.சி. நிறுவனத்தின் அட்டைக்கு நெடுங்காலம் பயனர் பெயரும் ஏ.பி.சி., கடவுச்சொல்லும் ஏ.பி.சி.; அது கையேட்டிலேயே அச்சாகியிருந்தது. அட்டையை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபேர்ம்வெயாரில் புதியது, முதல் நுழைவிலேயே கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி மறிக்கிறது. ஆனால் அந்தப் புதியதை ஏற்ற ஒருவர் உள்ளே போக வேண்டும், அவர் யார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. உள்நுழையும் உரிமையைக் கவனிப்பது ஒரு வேலை, ஃபேர்ம்வெயார் ஏற்றுவது வேறொரு வேலை என்று பிரித்துப் பேசுவது வழக்கம். இரண்டும் ஒன்றே என்பது என் கட்சி. 2022 மார்ச்சில் ஆர்மிஸ் என்ற ஆய்வு நிறுவனம் அதே ஏ.பி.சி.யின் ஸ்மார்ட் யு.பி.எஸ். பெட்டிகளில் மூன்று ஓட்டைகளைக் காட்டியது. அவற்றில் ஒன்று, பெட்டி தனக்கு வரும் ஃபேர்ம்வெயார் தயாரித்தவரிடமிருந்துதான் வந்ததா என்று கையொப்பம் பார்க்காமல் ஏற்றுக்கொண்டது. அப்படியானால் ஃபேர்ம்வெயாரை மாற்ற முடிந்தவனே சொந்தக்காரன். கடவுச்சொல் வெறும் வாசல் கோலம்.

இதைத் தொழில்நுட்பக் குறை என்று சொல்லித் தப்ப முடியாது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக்கணினியைக் கப்பம் கேட்கும் நிரல் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு போயே போய்விட்டது. அங்கே ஓடியது மைக்ரோசொஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் மென்பொருளின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. 2021 முதலே புதுப்பிக்க எண்ணியிருந்தோம், பணத் தட்டுப்பாடும் முன்னைய பணிப்பாளர் சபையின் முடிவுகளும் தடுத்தன என்றது பொறுப்பான முகவரகம். பழையது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததைச் செய்விக்க ஒரு பெயர் இல்லாமற்போனதுதான் குறை.

பெயர் என்றதும் என் கை தானாக ‘மட்டக்களப்பு மான்மியம்’ நோக்கிப் போகிறது. எஃப். எக்ஸ். சி. நடராசா ஏடுகளிலிருந்து பதிப்பித்து 1962இல் வெளியிட்ட நூல். வரலாறாக அதை வரிக்கு வரி நம்பச் சொல்லமாட்டேன். ஆனால் எந்தக் குடிக்கு, அதாவது எந்தக் குலத்துக்கு, எந்தக் கோயிலில் என்ன கடமை, என்ன வரிசை என்று சொல்வதில் அதற்குள்ள பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். மட்டக்களப்பு வாவியின் இருகரைக் கோயில்களிலும், கோயிலைப் பொறுப்பேற்று நடத்தும் வண்ணக்கர் என்றொரு பதவி இன்றும் உண்டு. அது குடிவழி வருவது; இங்கே குடி தாய்வழி, ஆகவே மாமன் கையிலிருந்து மருமகன் கைக்குப் போவது பழைய முறை. திறப்பு ‘கோயிலிடம்’ இருக்கிறது என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. இன்ன குடியின் இன்னாரிடம் இருக்கிறது என்பார்கள். திருவிழாவும் குடிகளுக்குப் பங்கு பிரிந்தது. பங்குக்காரர் தம் நாளில் முன்னிற்பார், அடுத்தவர் நாளில் கும்பிட மட்டும் நிற்பார். யு.பி.எஸ். அட்டையிலும் நிர்வாகி, சாதனத்தை மட்டும் இயக்குபவர், வலையமைப்பை மட்டும் தொடுபவர், பார்க்க மட்டும் உரியவர் என்று படிகள் உண்டு. இருந்தும் எல்லோருமாக ஒரே அட்மினாகப் புகுந்து வருகிறார்கள். இன்னொன்று: வண்ணக்கன் என்ற சொல்லுக்குப் பழைய பொருள் நாணயத்தை உரசிப் பார்த்து நல்லதா கள்ளமா என்று சொல்பவன். புறநானூற்றில் வடம வண்ணக்கன் பெருஞ்சாத்தனார் என்றொரு புலவரே இருக்கிறார். வந்ததை உரசிப் பாராமல் வாங்கிய பெட்டிக்கு இல்லாதது அந்தத் தொழில்தான்.

ஃபேர்ம்வெயாரைப் புதுப்பி என்றால், ஓடுகிற வண்டியைத் தொடாதே என்பவர்களிடம் நல்ல சாட்சி உண்டு. 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்கவைத்தது. ஆனால் அது எல்லா இடத்துக்கும் ஒரே மூச்சில், இடத்திலிருப்பவரைக் கேளாமல் போனது. அட்டையில் முதலில் இயங்குதளம், பிறகு செயலி என்று வரிசை இருக்கிறது. ஒரு பெட்டியில் ஏற்றிப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போகலாம். அட்டை மறுபடி எழும்பும் நேரத்திலும் யு.பி.எஸ். கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒருவர் பெயரிலேயே பொறுப்பைக் கொடுத்தபின் அந்த உத்தியோகத்தர் இடமாற்றமாகிப் போனால் என்ன செய்வது என்ற கேள்வி இதைவிடக் கனமானது. சில கோயில்களில் ஒருவருக்கு மேற்பட்ட வண்ணக்கர் இருப்பதுபோல இங்கேயும் செய்யலாம். இரண்டு பேருக்குத் தனித்தனிக் கணக்கு, போகிறவரின் கணக்கை அன்றே மூடுவது. கச்சேரியில் தளபாடம் ஒப்படைக்கக் கையெழுத்து வாங்குகிறோமே, அதே போலத்தான்.

கடைசி மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். குடிமுறை பிறப்பைப் பார்த்தது, சாதியைப் பார்த்தது, பெண்ணின் வழியாக வந்த உரிமையைப் பெண் கையில் கொடுக்காமல் விட்டது. அந்த முறை மீண்டும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மான்மியம் அந்த ஏற்றத்தாழ்வையும் யாருக்கு என்ன, யாருக்கு இல்லை என்று பேர் ஊரோடு எழுதி வைத்திருக்கிறது. அதனால்தான் இன்றைக்கும் அதைத் திறந்துவைத்து, இந்த இடம் அநியாயம் என்று விரலை வைத்துச் சண்டை பிடிக்க முடிகிறது. அட்டையின் பதிவேட்டைத் திறந்தால் இரவு எத்தனை மணிக்குப் பெட்டி நிறுத்தப்பட்டது என்பது இருக்கும். நிறுத்தியவர் பெயருக்கு நேரே அட்மின் என்று இருக்கும்.