பெற்றோரின் குரலிலும் சாதி பார்க்கிறது பள்ளிக்கூடம்

“உங்க ஜனங்க மீட்டிங்குக்கே வர்றதில்ல சார். பிள்ளைங்க படிப்புல அக்கறை இருந்தாதானே வருவாங்க?”

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் காலனிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு ஏதாவது பிரச்சினைக்காகப் போகும்போதெல்லாம் நாங்கள் கேட்கிற முதல் வாசகம் இதுதான். சாதி வெறி பிடித்தவர்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை. பிள்ளைகள்மேல் பிரியமுள்ள ஆசிரியர்களும் சொல்கிறார்கள். நம்மிலேயே படித்து வெளியே போன சிலரும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீரிலும் குரோமியத் தண்ணீரிலும் நாள் முழுக்க நிற்கும் அப்பா, தன் மகன் அந்த டிரம் பக்கமே வரக்கூடாது என்றுதான் நிற்கிறார். ஷூ கம்பெனியில் டார்கெட்டுக்கு ஓடும் தையல் மெஷினில் குனிந்திருக்கும் அம்மா, மகள் இன்னொரு மெஷினுக்கு வரக்கூடாது என்றுதான் குனிந்திருக்கிறார். வீட்டுத் திண்ணையில் கையால் ஷூ மேல்பாகம் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக் கணக்கில்தான் கூலி. அந்தக் காசில்தான் நோட்டும் ஜாமெட்ரி பாக்ஸும் வருகின்றன. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். இந்தத் தொழில் எப்படிப்பட்டது, படிப்பு எதற்கு என்று இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அக்கறை இருக்கிறது. பேசினால் யாராவது கேட்பார்களா, பேசியதற்கு என்ன விலை கொடுக்க வேண்டிவரும் என்பதுதான் கேள்வி.

யார் பேசினால் கேட்கிறார்கள்?

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவினாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணுக்கு எதிராக ஆதிக்க சாதிப் பெற்றோர் திரண்டார்கள். அவர் சமைத்தால் தங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்றார்கள். அதிகாரிகள் உடனே அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்தார்கள். இயக்கங்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது, வன்கொடுமை வழக்கும் பதிவானது. 2023இல் காலை உணவுத் திட்டம் வந்தபோது தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியிலும் இதே கதை நடந்தது. தலித் பெண் சமைக்கிறார் என்று பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்தார்கள். அமைச்சரும் எம்.பி.யும் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது.

அங்கே பேசியவர்களும் பெற்றோர்தான். ‘எங்கள் பிள்ளைகளுக்காகத்தான் பேசுகிறோம்’ என்றுதான் அவர்களும் சொன்னார்கள். சட்டப்படி குற்றமான ஒரு கோரிக்கைக்கு, பெற்றோர் என்ற பெயரில் வந்ததாலேயே அதிகாரம் உடனே அசைந்தது.

இப்போது நம் பக்கம் பாருங்கள். 2022 இறுதியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், காய்ச்சலில் விழுந்த மகனிடம் ஒரு தாய் விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைக்கிறார்கள் என்று அவர் புகார் கொடுத்தார். தலைமை ஆசிரியை பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, வழக்குப் பதிவாகிக் கைதும் ஆனார். பிள்ளைகள் அதற்கு முன்னும் கழிப்பறைப் பக்கம் போய்க்கொண்டுதான் இருந்தார்கள், பள்ளி அதை ஒரு பிரச்சினையாகவே பார்க்கவில்லை. ஒரு தாய் எழுத்தில் புகார் கொடுத்த பிறகுதான் அது குற்றமானது.

எல்லாப் புகாரும் அப்படி முடிவதில்லை. அதே 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குழந்தைகளுக்கு அடுத்தடுத்து உடம்பு முடியாமல் போனது. தண்ணீரைப் பார்க்கச் சொன்னார்கள் மருத்துவர்கள். மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்தத் தெருவுக்கு என்ன நியாயம் கிடைத்தது? 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் அதே தெருவைச் சேர்ந்த மூன்று இளைஞர்களின் பெயர்கள்தான் இருந்தன. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் ‘வாயைத் திறந்தால் வழக்கு உன் வீட்டுக்கே திரும்பும்’ என்ற செய்தி தமிழ்நாட்டின் ஒவ்வொரு காலனிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ரோகித் வெமுலாவின் தாய் ராதிகா, தையல் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். 2016இல் மகன் இறந்த பிறகு, அவர் தலித்தே இல்லை என்று காட்டத்தான் அரசு எந்திரம் அதிகம் உழைத்தது. அவர் வீட்டில் முடங்கவில்லை. 2019இல் மும்பையில் மகள் மருத்துவர் பாயல் தாட்வியை இழந்த ஆபிதா தாட்வியோடு சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். உயர்கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க 2012இலேயே யு.ஜி.சி. போட்ட விதிகளை நடைமுறைப்படுத்து என்பது அவர்கள் வழக்கு. தங்கள் பிள்ளைகள் திரும்பி வரப் போவதில்லை என்று தெரிந்தும் நம் பிள்ளைகளுக்காக நிற்கும் அம்மாக்கள் அவர்கள்.

தோல் பெல்ட்டின் மௌனம்

இங்கே மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது கூலி. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21 என்ன சொல்கிறது? பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட பிரிவுகளின் பெற்றோருக்கு விகிதாசார இடம். பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் வளர்ச்சித் திட்டம் போடுவதும் அந்தக் குழுவின் வேலை. 2022 மார்ச் 20 அன்று தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் கூட்டி, குழுக்களை மறுகட்டமைக்கும் வேலையைத் தொடங்கினார்கள். அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நம் ஆட்கள் வந்தார்கள்.

அதற்குப் பிறகு மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் வேலை நாளின் பிற்பகலில் நடக்கின்றன. ஷூ கம்பெனி லைனில் உட்கார்ந்த பெண் மூன்று மணிக்கு எழுந்து வர முடியுமா? அரை நாள் கூலி போகும். அடிக்கடி கேட்டால் சூப்பர்வைசர் முகம் மாறும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு எழுந்த நேரமெல்லாம் நஷ்டம். பெயர் குழுவில் இருக்கிறது, கையெழுத்தை வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். பிறகு ‘வர்றதே இல்ல’ என்கிறார்கள்.

பள்ளியோடு மோதினால் அது பள்ளியோடு நிற்பதும் இல்லை. வேலை கொடுக்கும் காண்ட்ராக்டர், முன்பணம் கொடுத்தவர், ஊர்ப் பெரிய மனிதர், வார்டு கவுன்சிலர் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ‘பேசாம இரும்மா, பையன் எதிர்காலம் பாழாயிடும்’ என்ற அறிவுரை நாலு பக்கமிருந்தும் வரும்.

இந்த அனுபவம் நமக்கு மட்டுமானதில்லை. அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிளாரண்டன் என்ற பகுதியில், கறுப்பினப் பெற்றோர் 1940களின் இறுதியில் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்து கேட்டார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பேருந்து இருந்தது, கறுப்புப் பிள்ளைகள் மைல் கணக்கில் நடந்தார்கள். பேருந்து கிடைக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் சமமான பள்ளி கேட்டு மனுவில் கையெழுத்திட்டார்கள். ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் பங்க் வேலையை இழந்தார். அவர் மனைவி எலிசா விடுதியில் பார்த்த துப்புரவு வேலையை இழந்தார். ஆனால் அந்தப் பெற்றோரின் வழக்கும் சேர்ந்துதான், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டு பிரவுன் தீர்ப்பாக முடிந்தது. நூறு கையெழுத்து இருந்ததால்தான் இரண்டு பேர் வேலை போனபோதும் மனு சாகவில்லை.

ஒரு உதவித்தொகையின் கதை

தோல் பதனிடுவோர், தோல் உரிப்போர், மலம் அள்ளுவோர் பிள்ளைகளுக்கென்று 1977-78 முதல் ஒன்றிய அரசின் உதவித்தொகை ஒன்று இருக்கிறது. வருமான வரம்பு கிடையாது. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய். இந்தத் தோல் பெல்ட்டுக்காகவே போட்ட திட்டம் மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் அதற்கு அப்பா அந்த வேலைதான் செய்கிறார் என்று சான்று வேண்டும். காண்ட்ராக்டரிடம் தினக்கூலிக்குப் போகிறவருக்கு அடையாள அட்டையும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. அலுவலகத்தில் சான்று கேட்டால் கம்பெனியில் வாங்கி வா என்பார்கள். கம்பெனி, நீ எங்கள் ஆளே இல்லை என்கும்.

திட்டத்தின் பெயரையும் பாருங்கள்: ‘சுகாதாரக் குறைவான தொழில் செய்வோரின் குழந்தைகள்’. வகுப்பில் இந்தப் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னால் எந்தப் பிள்ளை நிற்கும்? தோலை ஷூவாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புவது கௌரவமான ஏற்றுமதி. அதே தோலைக் கழுவுவது சுகாதாரக் குறைவு. இந்த அவமானத்தைப் பிள்ளையின் தலையில் வைக்காமல் பணத்தைக் கொடு என்று கேட்க வேண்டியவர்கள் பெற்றோர். அவர்கள் கேட்கும் இடம் மேலாண்மைக் குழு. அந்தக் கூட்டம்தான் அவர்கள் மெஷினில் இருக்கும் நேரத்தில் நடக்கிறது.

மாணவத் தோழர்களுக்கு

சட்டம் படித்த, மேடையில் பேசத் தெரிந்த உங்களிடம் சில வார்த்தைகள்.

பெற்றோருக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள். நீங்கள் போய் ஹெச்.எம். முன்னால் சட்டப் பிரிவுகளை அடுக்கினால் அன்றைக்குக் கைதட்டல் கிடைக்கும். மறுநாள் நீங்கள் சென்னைக்கோ வேலூருக்கோ கல்லூரிக்குப் போய்விடுவீர்கள். அந்தப் பள்ளியில் அந்தப் பிள்ளை இருக்கும், அந்த அம்மா இருப்பார். அவர் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்வதை எழுதிக் கொடுங்கள், எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள்.

யாரையும் தனியாக அனுப்பாதீர்கள். தனியாகப் போகிறவரை வெளியே நிற்க வைப்பது சுலபம். பத்துப் பெற்றோர் சேர்ந்து போனால் நாற்காலி போட்டே ஆக வேண்டும். பத்தில் இரண்டு பேராவது வேறு சாதிப் பெற்றோராக இருந்தால் இன்னும் நல்லது. கூரை ஒழுகினால் எல்லாப் பிள்ளையும்தான் நனைகிறது.

வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 32இன்படி எழுத்தில் கொடுத்த புகாரை உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும். முடிவு சரியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு உண்டு. அடிப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் பிரிவு 17இல் தடை. நம் பக்கம் நிறைய உள்ள சிறுபான்மை நிர்வாகப் பள்ளிகளுக்கு, 2014 பிரமாதி தீர்ப்புக்குப் பின் இந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் அங்கே சாதிக் கொடுமையைக் கேட்க வழியில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எல்லாப் பள்ளிக்கும் பொருந்தும். அதன் பிரிவு 15ஏ, புகார் கொடுத்தவருக்கும் சாட்சிக்கும் மிரட்டலிலிருந்து பாதுகாப்பு கொடு என்று அரசுக்குக் கட்டளையிடுகிறது.

அந்தச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 11ஆவது விதியை எடுத்துப் படியுங்கள். விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் வரும் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணச் செலவு கொடுக்க வேண்டும். விவசாயக் கூலிகளுக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் தினப்படியும் கொடுக்க வேண்டும். அதாவது, ஏழை ஒருவர் நியாயம் கேட்க வந்தால் அவர் கூலியை இழக்கக் கூடாது என்று அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. பிள்ளைக்குக் கொடுமை நடந்து வழக்கான பிறகு கொடுக்கிற கூலியை, கொடுமை நடக்காமல் தடுக்கப் பள்ளிக்கு வரும்போதே ஏன் கொடுக்கக் கூடாது?

இதுதான் நம் கோரிக்கையாக இருக்க வேண்டும். தோல் பெல்ட்டில் மேலாண்மைக் குழுக் கூட்டங்களைத் தொழிலாளர்களின் வார விடுமுறை நாளிலோ மாலை ஆறரைக்கு மேலோ நடத்து. முடியாது என்றால், கூட்டத்துக்கு வரும் உறுப்பினருக்கு இழந்த கூலியைக் கொடு. ஷூ கம்பெனிகள் மாதத்தில் இரண்டு மணி நேரம் சம்பளத்தோடு அனுமதிக்கட்டும். வெளிநாட்டு பிராண்டுகளின் ஆட்கள் சோதனைக்கு வரும்போது தீயணைப்புக் கருவியைக் காட்டுகிறீர்களே, இந்தப் பதிவேட்டையும் காட்டுங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். மேலாண்மைக் குழுவில் காலனிப் பெற்றோர் எத்தனை பேர்? கடைசிக் கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நடந்தது? தீர்மானப் பதிவேட்டில் அவர்கள் பேசியதாக ஒரு வரியாவது இருக்கிறதா? பதிலை எழுதிக்கொண்டு நேராகக் காலனிக்கு வாருங்கள். ஷிப்ட் முடிந்து பஸ் இறங்கும் நேரத்தில் வந்தால் எல்லோரும் இருப்பார்கள்.

ஜெய்பீம்.