இரண்டு நாள், இரண்டு பேர், சூலியா தெரு

பள்ளி விடுமுறை நெருங்கினால் காலை நிகழ்ச்சிக்கு ஒரே மாதிரியான குரல் பதிவுகள் வரத் தொடங்கிவிடும். “பினாங்குக்கு ரெண்டு நாள் போறோம், நானும் அவரும் மட்டும். எங்கெங்க போகலாம்?” அந்த ‘மட்டும்’ வரும்போது குரல் கொஞ்சம் இறங்கும். பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போவது ஏதோ குற்றம் என்பதுபோல.

குற்றமில்லை, போங்கள். ஆனால் எங்கெங்க என்று கேட்காதீர்கள். கொடிமலை, பத்து ஃபெரிங்கி, பாலிக் புலாவ், அயர் ஈத்தாம் கோயில் என்று நீளும் பட்டியலோடு போனால் இரண்டு நாளும் காரில்தான் கழியும். அவர் வழியைப் பார்ப்பார், நீங்கள் கைப்பேசியைப் பார்ப்பீர்கள். அதற்குக் கோலாலம்பூர் நெரிசலே போதுமே!

காரை வீட்டிலேயே விடுங்கள். சென்ட்ரலில் ஏறினால் ஏறக்குறைய 4 மணி நேரத்தில் பட்டர்வொர்த். நிலையத்தை ஒட்டியே பெர்ரி முனையம். 2023 ஆகஸ்டிலிருந்து ஓடும் புதிய பெர்ரிகள் காரை ஏற்றுவதில்லை. பழைய பெர்ரி போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் அக்கரையில் இறங்கி மூட்டையோடு நடந்தே சூலியா தெருவுக்குப் போய்விடலாம்.

தங்குவதற்கு அந்தத் தெருவைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய பிறகு போடப்பட்ட முதல் தெருக்களில் அதுவும் ஒன்று. முதலில் மலபார் தெரு, 1798இலிருந்து சூலியா தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்களைத்தான் அன்று சூலியா என்றார்கள். 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், தெருமுனையில் நாகூர் தர்கா, குவீன் தெருவில் 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில் எல்லாமே நடக்கிற தூரம். நம் ஆட்கள் 200 ஆண்டுக்கு மேலாக நடந்த தெருக்களில் கைகோத்து நடக்க நமக்கு யாரிடம் அனுமதி வேண்டும்?

அறை பதிவு செய்யும்போது இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே பல விடுதிகள் முன்பு குடும்பங்கள் இருந்த கடைவீடுகள். 1999 கடைசிவரை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அது விலகியதும் வாடகை ஏறியது, தலைமுறையாக இருந்தவர்கள் வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஜோர்ஜ்டவுன் சேர்ந்தபோது அந்த வீடுகளில் பலர் இல்லை. அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். பெரிய விடுதியில் முடங்காமல், இன்னும் அங்கேயே பிழைக்கும் அஞ்சடி வியாபாரிகளிடம் நாலு வெள்ளி செலவழியுங்கள். பூக்கடை, தையல்கடை, பழைய புத்தகக்கடை, எதுவானாலும் சரி.

அறை கேட்கும்போது பின்பக்க அறையாகக் கேளுங்கள். தெருவைப் பார்த்த அறை படத்தில் அழகாக இருக்கும், நள்ளிரவு தாண்டியும் மோட்டார் சைக்கிள் சத்தம் ஓயாது.

பசியாற மாமாக் கடை, மதியம் நாசி கண்டார். கேம்பல் தெருவில் 1907இலிருந்து நடக்கும் ஹமீதியா பக்கம்தான். இருட்டியதும் சூலியா தெரு ஓரத்திலேயே தள்ளுவண்டிகள் வந்துவிடும், வந்தான் மீ வாசனை உங்களைத் தேடி வரும். சுவரோவியங்களை வெயில் ஏறுமுன் பாருங்கள். ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் பிள்ளைகளோடு படமெடுக்க எப்போதும் வரிசைதான். கொடிமலையா, கடற்கரையா, ஏதாவது ஒன்று. இரண்டும் வேண்டும் என்றால் மூன்றாவது நாள் லீவு போடுங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். போவதென்றால் குடை ஒன்று போதும், இரண்டு வேண்டாம்!

பிள்ளைகளோடு இரவில் ஒரு முறை வீடியோவில் பேசிவிட்டுக் கைப்பேசியை வையுங்கள். மாமியார் பார்த்துக்கொள்வார், உங்கள் கணவரையே வளர்த்தவர்தானே.

டிக்கெட் எடுக்கும்போது திரும்பி வரும் ரயிலை முதலில் பாருங்கள். ஞாயிறு மாலை வண்டிதான் முதலில் நிரம்பும்.