மச்சு பிச்சு போனவர்கள் திரும்ப முடியாமல் சிக்குவது ஏன்? ஒரே ஒரு தண்டவாளமும் ஓயாத சண்டையும்

தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் உள்ள மச்சு பிச்சுவைப் பார்ப்பது உலகம் முழுக்க மலையேறுபவர்கள் பலரின் கனவு. முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, ஆண்டீஸ் மலையில் நாள்கணக்கில் நடந்து, 15-ம் நூற்றாண்டில் இன்கா மன்னர்கள் காலத்தில் கட்டப்பட்ட கல் நகரத்தைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். ஆனால் போன இடத்தில் மாட்டிக்கொள்வதும் இப்போது வழக்கமாகிவிட்டது.

2025 செப்டம்பரில் போராட்டக்காரர்கள் தண்டவாளத்தில் கல்லையும் மரத்தையும் போட்டு மறித்தார்கள். ரயில் நின்றது. சுமார் 1,400 பேரை வெளியேற்றிய பிறகும் 900 பேர் வரை மலையடிவார ஊரில் சிக்கியிருப்பதாக அந்நாட்டின் சுற்றுலா அமைச்சர் சொன்னார்.

இது முதல் முறை இல்லை. 2024 ஜனவரியில் டிக்கெட் விற்பனையை எதிர்த்து ஸ்ட்ரைக். 2022 டிசம்பரில் அதிபர் பெத்ரோ காஸ்டியோ பதவி நீக்கப்பட்டதும் நாடெங்கும் போராட்டம். அதன் தொடர்ச்சியாக 2023 ஜனவரியில் மச்சு பிச்சுவையே சில வாரங்கள் மூடினார்கள். 2010 ஜனவரியில் வெள்ளம் தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போனதால், ஆயிரக்கணக்கானோரை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது.

காரணங்கள் வேறு வேறு. ஆனால் ஒவ்வொரு முறையும் அடைபடுவது ஒரே இடம்தான். அது எப்படி?

அங்கே போக எத்தனை வழி?

மச்சு பிச்சு கடல் மட்டத்திலிருந்து 2,430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் அடிவாரத்தில் உள்ள ஊர் அகுவாஸ் காலியென்டேஸ். வெளியூரிலிருந்து இந்த ஊருக்கு கார் போகும் ரோடு கிடையாது. ஒன்று ரயிலில் வரணும், இல்லையென்றால் நடந்து வரணும்.

ஊரிலிருந்து மேலே இருக்கும் இடிபாடுகளுக்குப் போக, கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மண் ரோடு ஒன்று உண்டு. அதில் மினி பஸ் ஓடுகிறது. அரை மணி நேரப் பயணம். பஸ் வேண்டாம் என்றால் செங்குத்தான படிக்கட்டில் ஒன்றரை மணி நேரம் வரை மூச்சு வாங்க ஏறணும்.

ஆக, பெரும்பாலான பயணிகளுக்கு ஒரு ரயில் பாதை, ஒரு பஸ் ரோடு. யாருக்கு அரசு மேல் கோபம் வந்தாலும் இந்த இரண்டில் ஒன்றை மறித்தால் போதும். மறுநாளே உலகச் செய்தி. இது போராடுகிறவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

2025 சண்டை எதற்கு?

சின்ன விஷயம் மாதிரி தெரியும்: மேலே போகும் பஸ்ஸை யார் ஓட்டுவது?

ஒரே நிறுவனம்தான் சுமார் 30 ஆண்டுகளாக அந்த பஸ்களை ஓட்டிவந்தது. அதன் உரிமம் 2025 செப்டம்பர் தொடக்கத்தில் முடிந்தது. அடுத்து யார் என்பதில்தான் மோதல். பழைய நிறுவனமே தொடரக் கூடாது, வெளிப்படையாக டெண்டர் விட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கணும் என்றார்கள் போராடிய ஊர்க்காரர்கள்.

கொரோனாவுக்கு முன்பு, 2019-ல் மட்டும் 15 லட்சத்துக்கும் அதிகமானோர் மச்சு பிச்சுவுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அந்த பஸ்ஸில்தான் ஏறி இறங்கினார்கள். அந்த அரை மணி நேர ரோட்டில் எவ்வளவு பணம் புரளும் என்று கணக்குப் போட்டால், சண்டையின் காரணம் புரிந்துவிடும்.

2024-ல் நடந்ததும் கிட்டத்தட்ட இதே கதை. டிக்கெட் விற்கும் வேலையை அரசு ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்தது. 'எங்கள் முன்னோர் கட்டிய இடத்தை வைத்து யாரோ சம்பாதிப்பதா' என்று ஊர் கொதித்தது. கடைகள் மூடப்பட்டன, ரயில் நின்றது. சில நாட்களிலேயே அரசு இறங்கிவந்து, அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது.

நடந்தே போகிறவர்களுக்குப் பிரச்சினை இல்லையா?

இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி.

புகழ்பெற்ற 'இன்கா பாதை' நான்கு நாள் நடை, நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். இன்காக்கள் போட்ட கற்படிகளிலேயே நடக்கலாம். வழியில் 4,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஒரு கணவாயைத் தாண்டணும். இந்தப் பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அந்த 500-லும் வழிகாட்டிகள், சமையல்காரர்கள், போர்ட்டர்கள் அடக்கம். அவர்களைக் கழித்தால் பயணிகளுக்குக் கிடைப்பது சுமார் 200 இடம்தான். தனியாகப் போக முடியாது. உரிமம் பெற்ற ஏஜென்சி மூலமாகத்தான் போகணும். பிப்ரவரி மாதம் முழுக்கப் பாதை மூடியிருக்கும். மழைக்காலம், பராமரிப்பு வேலையும் நடக்கும்.

அனுமதி கிடைக்காதவர்கள் சல்கன்டாய் பாதைக்குப் போகிறார்கள். அது 4,600 மீட்டர் கணவாய் வழியாக, பனிமலையை உரசியபடி போகும் நீண்ட நடை. கையில் காசு குறைவாக உள்ள பேக்பேக்கர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. குஸ்கோ நகரிலிருந்து வேனில் ஆறேழு மணி நேரம் சுற்றி வந்து, ஒரு நீர்மின் நிலையத்தருகே இறங்கி, தண்டவாளத்தை ஒட்டியே இரண்டு மூன்று மணி நேரம் நடந்தால் அகுவாஸ் காலியென்டேஸ் வந்துவிடும்.

ஆனால் திரும்பும்போது? நான்கு நாள் நடந்து வந்தவரும் ஊர் திரும்ப அதே ரயிலைத்தான் பிடிக்கிறார். 2022 டிசம்பரில் ரயில் நின்றபோது, தண்டவாளத்தின் மேலேயே சுமார் 30 கிலோமீட்டர் நடந்து வெளியேறிய பயணிகளும் உண்டு.

ரோடு போட்டுவிட்டால் தீர்ந்துவிடுமா?

யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான். ஆனால் வழி குறுகலாக இருப்பதுதான் இந்த இடத்தை இத்தனை நாள் காப்பாற்றியும் இருக்கிறது.

1983-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம் இது. ஆட்கள் கூடக்கூடப் படிக்கட்டுகள் தேய்கின்றன. 2000-ம் ஆண்டில் ஒரு பீர் விளம்பரப் படப்பிடிப்பின்போது கிரேன் சரிந்து, இன்காக்களின் புனிதக் கல்லான இன்டிவாட்டானாவின் முனை உடைந்தது. அதனால்தான் தினசரி உச்சவரம்பு வைத்தார்கள். 2024-ல் அந்த வரம்பு 4,500 ஆக உயர்ந்தது. குறிப்பிட்ட சில நாட்களில் 5,600 பேர் வரை போகலாம்.

இன்னொரு பக்கம், குஸ்கோ அருகே சின்செரோவில் புதிய சர்வதேச விமான நிலையம் கட்டுகிறார்கள். இது வந்தால் இன்னும் நிறைய பேர் நேராக இறங்குவார்கள். தொல்லியல் அறிஞர்களும் வரலாற்று ஆய்வாளர்களும் இதை எதிர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். விமானத்தில் எத்தனை பேர் வந்தாலும் மேலே விடப்போவது அதே சில ஆயிரம் பேரைத்தான். மீதிப் பேர் எங்கே போவார்கள்? டிக்கெட்டுக்கான அடிதடி இன்னும் கூடும்.

வேறு இடமே இல்லையா?

இருக்கிறது. பெயர் சோக்கேகிராவ். சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் இன்னொரு பெரிய இன்கா நகரம். மலைச்சரிவு அடுக்குகளின் சுவரில் வெள்ளைக் கல்லால் லாமா உருவங்களைப் பதித்திருக்கிறார்கள். அதன் பெரும்பகுதியைக் காடு இன்னும் மூடியே வைத்திருக்கிறது.

அங்கே ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அபுரிமாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம் வரை இறங்கி, மறுபடியும் அந்தப் பக்கம் ஏறணும். போக இரண்டு நாள், வர இரண்டு நாள். அதனால் கூட்டம் மிகக் குறைவு. கழுதை ஓட்டுகிறவர்கள், வழியில் சோறு போட்டுத் தங்க இடம் கொடுக்கும் குடும்பங்கள் ஆகியோர் கையில் காசு நேரடியாகப் போகிறது.

இங்கேயும் ரோப் கார் விடும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. நடக்க முடியாதவர்களும் பார்க்கலாமே என்பது அதன் நியாயம். அதுவும் சரிதான். ஆனால் ரோப் கார் வந்தால் டிக்கெட் யார் விற்பது, யார் ஓட்டுவது, லாபத்தில் வழியோரக் குடும்பத்துக்கு என்ன பங்கு என்ற கேள்விகள் இங்கேயும் வரும். மச்சு பிச்சுவில் இவற்றுக்கு ஊர் ஒப்புக்கொள்ளும் பதில் கிடைக்காததால்தான் தண்டவாளத்தில் கல் விழுந்தது. ரோப் கார் கம்பத்தை நடுவதற்கு முன்பே இதைப் பேசி முடிக்க சோக்கேகிராவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

போகத் திட்டமிடுகிறவர்கள் கவனத்துக்கு

* குஸ்கோ 3,400 மீட்டர் உயரம். மச்சு பிச்சுவை விட அதிகம். விமானத்தில் இறங்கியதும் நடைக்குக் கிளம்பாமல், குறைந்தது இரண்டு நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொள்ளுங்கள். தலைவலி, வாந்தி கூடினால் மேலே ஏறாதீர்கள். கீழே இறங்குவதுதான் மருந்து.
* இன்கா பாதை அனுமதியைப் பல மாதங்களுக்கு முன்பே வாங்கணும். பாஸ்போர்ட் எண்ணோடு பதிவாகும். வேறொருவருக்கு மாற்ற முடியாது.
* மச்சு பிச்சு நாளுக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் நடுவே இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். ரயில் நின்றாலும் விமானத்தைத் தவறவிட மாட்டீர்கள்.
* கையில் உள்ளூர்ப் பணமாகக் கொஞ்சம் ரொக்கம், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளில் சில நாட்களுக்குக் கூடுதல் வைத்துக்கொள்ளுங்கள்.
* ஏஜென்சியைத் தேர்ந்தெடுக்கும்போது போர்ட்டர்களுக்கு என்ன கூலி, எத்தனை கிலோ சுமை என்று கேளுங்கள். போர்ட்டர் தூக்கும் சுமைக்கு பெரு நாட்டில் சட்டப்படி வரம்பு உண்டு. மழுப்புகிற ஏஜென்சி என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.