பொன்முடிப் பேருந்துக்கு யார் பணம் தருவது?

விடுமுறை நாள்களில் பொன்முடிக்குச் சென்று திரும்பியவர்கள் காட்டைப் பற்றிக் கூறுவதைவிட வாகன நெரிசலைப் பற்றியே மிகுதியாகக் கூறுகின்றனர். திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகள். அரசுப் பேருந்தும் இவ்வழியே செல்கிறது. ஆனால் அடுத்த பேருந்துக்காக நெடுநேரம் காத்திருக்க வேண்டும் என்பதால், குழந்தைகளுடன் செல்வோர் காரையே நாடுகின்றனர். கார்க் கடன் வழங்கும் வங்கியின் அலுவலர் இவ்வாறு எழுதலாமா என்று வாசகர் புன்னகைக்கக்கூடும். கார் வாங்குவது வேறு, அதை மலையுச்சிவரை ஓட்டிச் செல்வது வேறு.

மாற்று வழி நம் மாநிலத்திலேயே உண்டு. 1978ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இரவிகுளத்தில், பயணிகள் தங்கள் வாகனங்களை நுழைவாயிலிலேயே விட்டுவிட்டு, வனத்துறைப் பேருந்தில்தான் வரையாடுகளைக் காண ராஜமலைக்குச் செல்கின்றனர். 2018 வெள்ளத்துக்குப் பின், சபரிமலைப் பக்தர்களின் வாகனங்கள் நிலக்கல்லில் நிறுத்தப்பட்டு, அங்கிருந்து பம்பைக்கு அரசுப் பேருந்துகள் தொடர்ச்சியாக இயக்கப்பட்டன.

ஆயினும் மண்டல காலத்துக் கூட்டம் பொன்முடிக்கு வருவதில்லை. மழைக்காலத்துச் செவ்வாய்க்கிழமையன்று பத்துப் பேருடன் ஏறும் பேருந்துக்கும் டீசல், ஓட்டுநர் ஊதியம், டயர்த் தேய்மானம் எல்லாம் அதே அளவுதான். ஓய்வூதியம் வழங்கவே மாநில அரசின் உதவியை எதிர்நோக்கும் போக்குவரத்துக் கழகத்திடம், இந்த இழப்பையும் ஏற்குமாறு கூறுவது நியாயமன்று. பயணச்சீட்டு வருவாயால் மட்டும் இச்சேவை நிலைக்காது. மலைக்கு வரும் ஒவ்வொரு காரும் செலுத்தும் நுழைவுக் கட்டணத்தின் ஒரு பகுதி பேருந்துக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும்.

அப்பணம் பொதுக் கருவூலத்தில் கலந்துவிடாமல் தனிக் கணக்கில் இருத்தல் இன்றியமையாதது. புலிகள் காப்பகங்களில் வருவாயை அங்கேயே செலவிட அறக்கட்டளைகள் அமைக்க 2006ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழிவகுத்தது. பெரியாற்றில் அதற்கு முன்பே, 2004இல், அத்தகைய அறக்கட்டளை தோன்றிவிட்டது. பொன்முடி புலிகள் காப்பகம் அன்று. எனவே தனி அரசாணை வேண்டும்.

வணிகவியல் பயின்றவன் என்ற முறையில் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. அமெரிக்காவின் சையன் தேசியப் பூங்காவில் 2000ஆம் ஆண்டு முதல் பேருந்துகள் இயங்குகின்றன. ஏறுவோரிடம் தனிக் கட்டணம் இல்லை. நுழைவுக் கட்டணமே அச்செலவைத் தாங்குகிறது. எனினும் இருபதாண்டு ஓடித் தேய்ந்த பேருந்துகளை மாற்றி மின்பேருந்துகள் வாங்க, நடுவண் அரசின் பெருந்தொகை மானியம் தேவைப்பட்டது. அன்றாடச் செலவுக்கு வழி கண்டவர்களுக்கே இந்நிலை என்றால், மானியத்தில் பேருந்து வாங்கிக் கொடியசைத்துத் தொடங்கி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் நம் வழக்கம் எங்கே கொண்டு விடும்?

ஆகவே, ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு சிறு தொகையைப் புதிய பேருந்துக்கான தேய்மான நிதியாக முதல் நாளிலிருந்தே வைப்பில் இட வேண்டும். கல்லாறு சோதனைச் சாவடியில் காருக்கான கட்டணத்தைச் சற்று உயர்த்தி, பேருந்தில் வருவோருக்கு முற்றிலும் விலக்கு அளித்தால், அந்நிதிக்கான தொகையைத் திரட்ட இயலும்.