வழியில் கொஞ்சம் தண்ணீர் கேளுங்கள்

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் பிறந்துவிட்டால் நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கமெல்லாம் காவி உடை கண்ணில் படத் தொடங்கும். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் ஒரு பக்கம், சைக்கிளில் போகிறவர்கள் ஒரு பக்கம். 29-ஆம் தேதி கொடியேற்றம், செப்டம்பர் 8-ஆம் தேதி மாதாவின் பிறந்தநாள் பெருவிழா. அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்ற வேகம் எல்லார் முகத்திலும் தெரியும். நானும் ஐந்து முறை சைக்கிளில் போய் வந்தவன். அந்த உரிமையில் ஒரு கருத்தைச் சொல்கிறேன். இளைஞர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்று போகிற சில சைக்கிள் குழுக்களைப் பார்க்கிறேன். முன்னால் ஒரு மினி லாரி. அதில் மாதா சுரூபம், சீரியல் லைட், ஒலிபெருக்கி, ஜெனரேட்டர். பின்னால் ஒரு வேன். அதில் கேஸ் அடுப்பு, சமையல்காரர், தண்ணீர் கேன், பாய், தலையணை, உபரி டியூப். புறப்பட்டது முதல் போய்ச் சேரும் வரை வழியிலுள்ள ஒரு மனிதரிடமும் பேச வேண்டிய அவசியமே இல்லை. அப்படிப் போய் வருவதில் ஏதோ பெரிதாக இழக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்டு வாங்கிக் குடிக்கும் ஒரு சொம்பு தண்ணீர், அந்தப் பயணத்தின் பாதி ஆசீர்வாதம்.

வேளாங்கண்ணியின் வரலாறாக நம் பெரியவர்கள் சொல்லி வந்ததை நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டுபோன ஒரு பையன் குளத்தங்கரை ஆலமரத்தடியில் இளைப்பாறுகிறான். கையில் குழந்தையோடு வந்த ஒரு பெண் பால் கேட்கிறாள். அவள் யாரென்று தெரியாமலே கொடுக்கிறான். அடுத்தது, நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற பையன். அவனிடமும் அந்த அம்மா குழந்தைக்கு மோர் கேட்கிறாள். மூன்றாவது, புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள். மொழி தெரியாத அவர்களை அங்கிருந்த மீனவர்கள்தான் ஓலைக் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். மூன்றிலும் ஒரு அந்நியர் வழியில் நிற்கிறார், உள்ளூர்க்காரர் உதவுகிறார். பால்காரப் பையன் இந்துப் பையன் என்றுதான் மரபு சொல்கிறது. மாதாவே கேட்டு வாங்கிக் குடித்த ஊருக்கு, யாரிடமும் எதுவும் கேட்காமல் போவது என்ன முறை?

நான் முதலில் போனது 1984-ல். நாங்கள் நான்கு பேர். நம்ம அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த ஹெர்குலிஸ் வண்டிதான் என்னிடம் இருந்தது. கேரியரில் ஒரு துண்டு, ஒரு போர்வை, காற்றடிக்கும் பம்பு, பொட்டுக்கடலை, வெல்லம். கிழக்குக் கடற்கரைச் சாலை அன்று இன்றுபோல் இல்லை. பூந்தமல்லி, தாம்பரம், திண்டிவனம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால் என்று 300 கிலோமீட்டருக்கு மேல் மிதிக்க வேண்டும்.

திண்டிவனம் தாண்டி இரண்டு பஞ்சர். ஒட்டிக்கொடுத்தவர் நெற்றி நிறைய விபூதி பூசியவர். காசு வாங்க மறுத்துவிட்டார். அதற்குப் பதில் அவரே ஒரு ரூபாயை என் கையில் கொடுத்து, "எம் பொண்ணுக்கு அஞ்சு வயசாவுது, இன்னும் பேச்சு வரலை. உண்டியல்ல போட்டுட்டு அவளுக்காக ஒரு வார்த்தை கேளுங்க" என்றார். கொள்ளிடம் பக்கத்தில் ஒரு பாட்டி திண்ணையில் படுக்க இடம் கொடுத்து, காலையில் நீராகாரமும் கொடுத்தார். சிங்கப்பூர் போன மகனிடமிருந்து எட்டு மாதமாகக் கடிதம் இல்லையாம். நாகூரில் டீக்கடை பாய், "மரியம் அம்மாகிட்ட எனக்கும் சேர்த்துச் சொல்லுங்க" என்றார். அவர்கள் வேதத்தில் மரியம் பெயரில் ஓர் அத்தியாயமே உண்டு.

புறப்படும்போது என்னிடம் இருந்தது ஒரு வேண்டுதல். போய்ச் சேர்ந்தபோது ஏழு இருந்தன. பீடத்தின் முன் நின்றபோது என் சொந்த வேண்டுதல் கடைசியாகத்தான் நினைவுக்கு வந்தது. அந்தக் குழந்தைக்குப் பேச்சு வந்ததா, கடிதம் வந்ததா, எனக்குத் தெரியாது. ஆனால் நாற்பது வருடமாக அவர்களுக்காக ஜெபிக்கிறேன்.

1841-ல் கால்டுவெல் ஐயர் சென்னையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கு நடந்தே போனார். மக்களை அறிந்துகொள்ள அதுவே நல்ல வழி என்று நினைத்தார். மெதுவாகப் போகிறவனுக்குத்தான் ஊரும் மனிதர்களும் கிடைக்கிறார்கள்.

வேனே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 1984-ன் சாலை வேறு, இன்றைய சாலை வேறு. பாதயாத்திரை போனவர்கள் மீது வண்டி மோதிய செய்தியைப் படித்து வயிறு கலங்காதவர் யார்? இரவுப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும். ஒளிரும் ஸ்டிக்கரும் பின்விளக்கும் கட்டாயம் வேண்டும். முதலுதவிக்கு ஒரு வண்டி கூட வரட்டும். பெண்களும் வயதானவர்களும் வரும்போது அது தேவைதான். "காலம் கெட்டுக் கிடக்கிறது, யாரை நம்புவது?" என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் இன்றும் வழிநெடுக மோரும் தண்ணீரும் வைத்துக் காத்திருக்கிறார்களே, அவர்கள் நம்மை நம்பித்தானே வைக்கிறார்கள்?

அதனால் போகிறவர்களிடம் மூன்று விண்ணப்பங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது அந்தந்த ஊர்க் கடையில் உட்கார்ந்து, நாலு வார்த்தை பேசிச் சாப்பிடுங்கள். ஊருக்குள் நுழையும்போது ஒலிபெருக்கியை நிறுத்திவிடுங்கள். அது அலறும்போது யாரும் உங்களிடம் பேச முடியாது, தொட்டிலில் தூங்கும் பிள்ளையும் விழித்துவிடும். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருங்கள். வழியில் கேட்பவர்களின் வேண்டுதலை எழுதிக்கொண்டு போய் மாதாவிடம் சேர்த்துவிடுங்கள்.

போகமுடியாமல் வீட்டில் இருக்கும் என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று. நம் வீட்டு வாசலும் யாரோ ஒருவருடைய யாத்திரை வழிதான். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் நடக்கிறார்கள். கார்த்திகையில் கறுப்பு உடுத்தியவர்கள், தையில் மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடுத்தியவர்கள் வருகிறார்கள். வாசலில் ஒரு பானைத் தண்ணீரும் இரண்டு டம்ளரும் வைப்போம். வேளாங்கண்ணி வழியில் நம் பிள்ளைகள் குடித்த தண்ணீரின் கடனை வேறு எங்கே போய் அடைப்பது?